கிணறு அந்தப் பக்கமில்லை

1994இல் என்னிடம் ஒரே ஒரு பேனா இருந்தது. நீலக் குமிழ்முனைப் பேனா. மை தீர்ந்தால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. 1990இல் நின்ற மின்சாரம் திரும்பி வரவில்லை. ஜாம் போத்திலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி செருகிய விளக்கில்தான் படிப்பு, சாப்பாடு, எல்லாம். பத்திரிகைகூட கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. நாங்கள் தீவகத்து நாரந்தனைக்காரர். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுக்குள் இறங்கியபோது வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

இன்று அதே நாரந்தனையில், திருத்திக் கட்டிய இரண்டு அறைகளில் ஒன்றில், பேனாவின் அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரித்தறியும் வரைபலகையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பிழைத்த கோட்டை ஒரு விரல் தட்டினால் திரும்ப எடுத்துவிடலாம். புத்தகப்படம் வரைவதுதான் என் சோறு. சென்னைப் பதிப்பகத்துக்கும் கொழும்புப் பதிப்பகத்துக்கும் ரொறன்ரோக்காரருக்கும் இங்கிருந்தே வேலை போகிறது. அந்த வறுமையை நான் போற்றவில்லை. பிள்ளைகளுக்குத் தாளும் வெளிச்சமும் கிடைக்காத காலம் ஒருநாளும் நல்ல காலமில்லை. ஆனால் கை எப்போது வளர்ந்தது என்று எண்ணிப் பார்த்தால், அன்றும் இன்றும் ஒரே மாதிரியான ஆட்கள்தான் நினைவில் வருகிறார்கள். "இது இப்படியில்லை" என்று சொன்னவர்கள்.

முதல் ஆள் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அச்சகத்தின் அச்சுக்கோப்பாளர். காலால் மிதித்து ஓட்டும் யந்திரம். துத்தநாகத்தில் படக்கட்டை செய்து எடுப்பதற்கு வழியில்லாததால், படம் வேண்டுமென்றால் யாராவது கையால் செதுக்க வேண்டும். பழைய றப்பர் செருப்பின் அடியைச் சவர அலகால் செதுக்கி, அச்செழுத்தின் உயரத்துக்கு, கிட்டத்தட்ட 23 மில்லிமீற்றருக்கு, சரியாக வரும்படி பலகையில் ஒட்டிக் கொடுப்பேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு கோயில் திருவிழா அறிவித்தல். முருகன் படம். இரண்டு இரவு விளக்கடியில் இருந்து செதுக்கினேன். அச்சடித்துப் பார்த்தால், வலக்கையில் நான் கொடுத்த வேல் இடக்கைக்குப் போயிருந்தது. தாளுக்கு அவ்வளவு தட்டுப்பாடான நாளில் அறுபது தாள் வீண். அழுகை வந்துவிட்டது.

அந்த மனிதர் ஏசவில்லை. சுவரில் தொங்கிய முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டைக்கு முன்னால் பிடித்தார். "தம்பி, நான் நாள் முழுக்க எழுத்தைத் தலைகீழா, வலமிடம் மாறித்தான் வாசிக்கிறன். நீயும் கண்ணாடியில பார்த்துப் பழகு. வேல் மட்டுமில்லை, முகமும் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு, பார்" என்றார். பார்த்தேன். நேரே பார்த்தபோது தெரியாத சரிவு கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. கண் தன் பிழைக்குப் பழகிவிடும். திருப்பிக் காட்டினால்தான் அது புதிதாகப் பார்க்கும். இன்றைக்கு வரைபலகையில் வேலை செய்கிற எவரும் பாதி வழியில் படத்தை இடம்வலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. நான் அந்தப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணாடியையும் அதன் ரசம் போன மூலையையும் நினைக்கிறேன்.

கூலி காசாக வரவில்லை. அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய தாளோரங்கள், மூன்று விரல் அகலத்தில், ஒரு சுளகு நிறைய. எனக்குச் சித்திரம் படிப்பித்த ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வேலை வைத்தார்: நாளுக்கு ஒரு தாளோரம், ஒரு பொருள், பேனாவால் மட்டும், அழிக்கக் கூடாது. நாற்பது நாள் செய்தேன். மூன்று விரல் அகலத்துக்குள் அகப்பை நிற்கும், கடகம் நிற்காது. கடகத்தின் எந்தப் பகுதியை வரைந்தால் முழுக் கடகமும் மனதில் வரும் என்று தேட வேண்டியிருந்தது. இன்று கைபேசித் திரைக்கும் புத்தகத்தின் ஓரத்துக்கும் படம் அமைக்கும்போது நான் செய்வது அதே வேலை.

யாழ்ப்பாணத்தில் இப்படிச் சேர்ந்து பழகுவதும் சேர்ந்து பார்ப்பதும் புதிதல்ல. 1938இல் ஓவியர் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். பிறகு ஓவியர் பெனடிக்ற் அவர்களைச் சுற்றி விடுமுறை நாள்களில் கூடி வரைகிறவர்களின் குழு ஒன்று இருந்தது. அதிலிருந்து வந்தவர் அ. மாற்கு. குருநகரில் பிறந்து, பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்து, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டையும் படங்களையும் விட்டு வெளியேறி, 2000இல் காலமானவர். அவருடைய மாணவர்களைக் கேட்டால் படங்களைப் பற்றிச் சொல்வதைவிட அவர் பக்கத்தில் நின்று பார்த்த விதத்தைப் பற்றித்தான் கூடச் சொல்வார்கள். இப்போது சென்னையில் வார இறுதி ஓவியர்கள் கூடுகிறார்கள். 2007இல் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிய நகர்வரைஞர் குழுவுக்கு உலகமெங்கும் கிளைகள் உண்டு. ஆள் மாறுகிறது. பக்கத்தில் நின்று பார்க்கும் கண்ணின் தேவை மாறவில்லை.

பிறகு வந்த வேலைகளில் ஒன்றைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை.

2003. சமாதான காலம். சனங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் மிதிவெடி. பிள்ளைகளுக்கு எச்சரிக்கைப் புத்தகம் செய்ய ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 என்ற மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும். ஜொனி என்று சொல்லப்பட்டது மரப்பெட்டி. இவற்றை அளவு, நிறம், பாதி மண்ணுக்குள் புதைந்த நிலை எல்லாம் பிசகாமல் வரைய வேண்டும். ஒரு பக்கத்தில், ஒரு பொடியன் வெடியைக் கையில் எடுக்கிற மாதிரி வரைந்து, அதன்மேல் சிவப்பில் பெரிய குறுக்குக் கோடு போட்டேன். செய்யாதே என்று பொருள். நிறுவனத்தில் எல்லாருக்கும் பிடித்தது.

அச்சுக்குப் போகுமுன் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்குக் கொண்டுபோனோம். எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, என்ன தெரியுது என்று கேட்பதுதான் சோதனை. ஏழு வயது இருக்கும், ஒரு பிள்ளை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாக்கு ஒரு சாமான் கிடைச்சிருக்கு. அவருக்குச் சந்தோசம்." குறுக்குக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். "அது வேலி" என்றாள்.

நான் அந்தப் பொடியனுக்குச் சிரித்த முகம் வரைந்திருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று. குறுக்குக் கோட்டின் பொருள் படித்தவர்களுக்குத்தான் பழக்கம், அவளுக்கு அது முள்வேலி. அந்தப் படம் அப்படியே ஆயிரக்கணக்கில் அச்சாகிப் போயிருந்தால், அதைப் பார்த்து ஒரு பிள்ளை குனிந்து எடுத்திருக்கக்கூடும். அன்றிரவு நித்திரை இல்லை. திரும்ப வரைந்த படத்தில் குறுக்குக் கோடு இல்லை. வெடி தூரத்தில் கிடக்கிறது. பொடியன் நின்றுவிட்டான், கை பின்னால், வந்த காலடித் தடத்திலேயே திரும்பப் போகிறான். அதே வகுப்பில் காட்டினோம். அந்தப் பிள்ளை, "அண்ணா பயந்திட்டார், வீட்ட சொல்லப் போறார்" என்றாள். அதற்குப் பிறகுதான் அச்சு. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017இல். நான் அன்று அந்தப் பிள்ளையைத்தான் நினைத்தேன். அவள் சொன்னதுதான் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விமர்சனம். எந்தப் பரிசும் அதற்குக் கிட்ட வராது.

2022க்கு வருகிறேன். அந்த மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் பரீட்சை தள்ளிப்போனது. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜாம் போத்தில் நினைவுக்கு வராத என் வயதுக்காரர் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கமாட்டார். ஒக்ரோபரில், மின்வெட்டு இன்னும் முழுதாகத் தீராத நேரத்தில், நான் இங்க்டோபர் செய்தேன். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் தன் மை வேலையைத் திருத்திக்கொள்வதற்காக 2009இல் தனக்குத் தானே வைத்த பயிற்சி அது. 31 நாள், நாளுக்கு ஒரு மைச்சித்திரம். அதற்கென்று நாளுக்கொன்றாக வருகிற சொற்பட்டியலை விட்டுவிட்டு எங்கள் தீவின் பட்டியல் ஒன்றை எழுதினேன்: பறி, களங்கட்டி, துலா, பட்டை, நீத்துப்பெட்டி, குட்டான், சங்கப்படலை, தளநார். எழுதிய பிறகுதான் தெரிந்தது, இதில் பாதியைப் பார்க்காமல் வரைய எனக்கு வராது. சங்கப்படலைக்குக் கூரை எந்தப் பக்கம் எவ்வளவு நீளும்? துலாவில் ஆள் ஏறி மிதிக்கும்போது கயிறு எங்கே நிற்கும்? நாற்பத்து நாலு வயதில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன்.

பனை ஏறுகிறவர் காலில் மாட்டும் தளநாருக்கு ஒரு பனையும் அதில் ஏறுகிறவரும் வரைந்து கைபேசியில் பகிர்ந்தேன். சில நூறு பேர் விருப்பம் போட்டார்கள். "அருமை" என்று எழுதினார்கள். அடுத்த நாள் தரவைப் பக்கம் சீவல் தொழில் செய்யும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கனநேரம் பார்த்தார். "தம்பி, நீர் இதில முட்டியும் கட்டியிருக்கிறீர், நுங்குக் குலையும் விட்டிருக்கிறீர். முட்டி கட்டின பாளையில நுங்கு எப்பிடி வரும்? மரமும் தென்னை மாதிரி வளைஞ்சு நிக்குது. தளநாரையும் முழங்காலில போட்டிருக்கிறீர், காலடிக்குப் போடவேணும்." பிறகு ஆண் பனையின் பாளையையும் பெண் பனையின் பாளையையும் விரலால் மண்ணில் கீறிக் காட்டினார். மட்டையின் இரு ஓரத்திலும் வாள் பல் மாதிரிக் கருக்கு நிற்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காய்ந்த காவோலை மரத்தோடு ஒட்டித் தொங்கும் விதத்தைக் காட்டினார். பனைக்கு நடுவில் பிறந்த நான் அன்றுதான் பனையைப் பார்த்தேன். விருப்பம் போட்டவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. அன்பு அது. ஆனால் என் கையை நகர்த்தியது அந்த ஒரு மணித்தியாலம்.

வேலை கேட்டு வருகிற இளம் பிள்ளைகளுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்குமுன் பாதிக் காசை வாங்குங்கள். எத்தனை தடவை திருத்தம் என்று எழுத்தில் வையுங்கள். அச்சுப் படம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தி, ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதல். பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது என்ற நிலை ஆண்டுக்கணக்காக இருந்ததால், காசு வரும் வழியையும் முன்னமே பேசிக்கொள்ளுங்கள். உழைப்புக்கு விலை கேட்பது மரியாதைக் குறைவில்லை.

நானும் மூன்று திருத்தம் என்று எழுதித்தான் வைத்திருக்கிறேன். ஒரு வகை வேலைக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. தீவை விட்டுப் போனவர்கள் தங்கள் வீட்டை வரைந்து தரும்படி கேட்கிறார்கள். படம் எடுத்து வைக்காத வீடு. சிலது இடிந்து போனது, சிலது அடையாளம் இல்லாமல் பற்றைக்குள். ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலைச் செய்தார். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தாங்களே கீறினார்கள். அவற்றோடு கட்டடக்கலைஞரின் வரைபடமும் சனாதனனின் ஓவியமும் சேர்ந்த நூல். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அந்தப் பெயரை அவர் எடுத்தது எவ்வளவு சரி என்று இந்த வேலை செய்யும்போதுதான் விளங்கியது.

போன ஆண்டு ரொறன்ரோவிலிருந்து ஓர் அம்மா. எண்பத்தைந்து வயது. நாரந்தனை வீடு. மகள் கைபேசியைப் பிடித்துக்கொள்ள, நான் வரைந்து காட்டக் காட்ட அவ திருத்துவா. முதல் படத்தைப் பார்த்ததும், "கிணறு அந்தப் பக்கமில்லை, தம்பி. குசினிக் கதவால பார்த்தால் தெரியவேணும்" என்றா. கிணற்றை மாற்றினேன். கிணறு மாறியதும் துலா மாறியது. துலா மாறியதும் பூவரசு வேலிக்குப் போனது. பூவரசு போனதும் மாடு கட்டின இடம் நினைவு வந்தது. ஒன்பது தடவை. அந்தக் காணி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அவ சொன்ன இடத்தில் போய்ப் பற்றையை விலக்கிப் பார்த்தேன். கட்டு இடிந்து, கிணறு அங்கேதான் இருந்தது. குசினி நின்ற அத்திவாரத்திலிருந்து பார்த்தால் நேரே தெரிகிறது.

படம் போய்ச் சேர்ந்து ஏழாம் மாதம் அவ இல்லை என்று மகள் சொன்னா. நான் வரையாமல் விட்ட வேறு வீடுகளும் அந்தக் குறிச்சியில் உண்டு. கேட்பதற்கு இப்போது ஆளில்லை.

உங்கள் வீட்டில் எழுபது தாண்டிய ஒருவர் இருந்தால், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, இந்தக் கிழமைக்குள் ஒரு தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து, பிறந்த வீட்டைக் கீறச் சொல்லுங்கள். கோடு கோணலாகப் போனாலும் அழிக்க விடாதீர்கள். கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டு, அவர் சொல்வதை அந்தத் தாளிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள்.