அகம் ஐந்து, புறம் புள்ளி ஒன்று: நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் மலிவு விலை ஹோம் தியேட்டர் குறித்த ஓர் ஆய்வு

நெய்வேலியைப் பற்றி ஆராயப்படாத விஷயம் இல்லை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு இறக்கியபோது கரிய பொருள் வெளிவந்ததை ஆராய்ந்துவிட்டார்கள். 1956இல் கம்பெனி பதிவானது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1961இல் நிலக்கரி தட்டுப்பட்டது எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து நிலத்தடி நீர் எவ்வளவு அழுத்தத்தில் மேலே முட்டுகிறது, அதை இரவு பகலாக எப்படி இறைக்கிறார்கள் என்பதற்கும் ஆய்வேடுகள் உண்டு. ஆனால் அந்தக் கரியை எரித்து எடுத்த மின்சாரம் ஊரைச் சுற்றிவிட்டு அதே ஊர்க் குவார்ட்டர்ஸின் முன்னறைக்குள் நுழைந்து, ரிசீவர் வழியாக ‘டும்’ என்ற ஓசையாக மாறுகிறதே, அந்தக் கடைசி இருபதடியை எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுகொள்ளவில்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது.

ஆய்வுப் பொருள்: விலைப்பட்டியலின் கீழ்க்கோடியில் நிற்கும் ஐந்து புள்ளி ஒன்று ரிசீவர். யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 வகையறா. இவற்றோடு, சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்பார்மரும் வாங்கிவந்து தகரப் பெட்டிக்குள் பூட்டிய அசெம்பிள் செட்டையும் சேர்த்துக்கொண்டேன். சேர்க்காவிட்டால் அதை வைத்திருப்பவர்கள் விடமாட்டார்கள். ஆய்வு முறை: டீக்கடை பெஞ்சு, மாலை நடைப்பயிற்சி, கிரகப்பிரவேசம். வினாத்தாள் கொடுக்கும் முறையைத் தொடக்கத்திலேயே கைவிட நேர்ந்தது. பொதுத்துறை ஊரில் யாரிடம் ஒரு படிவத்தை நீட்டினாலும் அவர் முதலில் கேட்பது, “எத்தனை காப்பி சார்? யார் மூலமா அனுப்பணும்?” என்பதுதான்.

முதலில் வாட்ஸ். மற்ற ஊர்களில் வாட்ஸ் என்பது விளம்பரத் துண்டில் வரும் ஒரு எண். நெய்வேலியில் அது பிழைப்பு. அப்படிப்பட்ட ஊரிலும் ஒரு காலத்தில் ‘10,000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று நெற்றியில் ஒட்டிய செட்டுகள் வீட்டுக்கு வீடு நுழைந்தன. இந்த எண்ணை இங்குள்ள யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சுவரில் இருப்பது 5 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டை 5ஆல் பெருக்கினால் 1,150 வாட்ஸ். அதற்கு மேல் இழுத்தால் பியூஸ் போகும். உள்ளே போவது 1,150க்குக் கீழே, வெளியே வருவது 10,000 என்றால், அந்தப் பெட்டியைத் தலைகீழாக மாட்டி ஊருக்கு மின்சாரம் கொடுத்திருக்கலாம். 1962இல் முதல் அலகோடு தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் முழுமையடைந்தபோது அதன் திறன் 600 மெகாவாட். ஒட்டின தாளை நம்பினால், அறுபதாயிரம் செட்டுகளைச் சேர்த்து வைத்த இடத்தில் அந்த நிலையமே தேவைப்பட்டிருக்காது. 2020இல் அதற்கு ஓய்வு கொடுத்தபோது இந்த மாற்று ஏற்பாட்டை யாரும் பரிந்துரைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

நல்ல கம்பெனி ரிசீவர் பொய் சொல்வதில்லை. ஆனால் ஒரே உண்மையை மூன்று விதமாகச் சொல்கிறது. மேலே சொன்ன யமஹாவுக்கு, இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது, காதுக்குக் கேட்கும் அலைவரிசை முழுவதுக்கும், 70 வாட்ஸ். ஒரே சேனல், ஒரே சுருதி, கொஞ்சம் கரகரப்பு கூடினாலும் பரவாயில்லை என்றால் 100. பத்து சதவீதம் கரகரப்பை ஒப்புக்கொண்டால் 135. ஐந்து சேனலும் சேர்ந்து முழங்கும்போது எவ்வளவு என்று அட்டைப்பெட்டி வாய் திறப்பதில்லை. இது டர்பைன் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரிகிறது. உற்பத்தியானது வேறு, நிலையமே தின்றது போக வெளியே அனுப்பியது வேறு. “இது கிராஸ் பிகர் சார், நெட் கேளுங்க” என்று ஓய்வுபெற்ற ஒருவர் சொன்னதைவிடத் தெளிவான விமர்சனத்தை எந்த ஆடியோ பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

கோட்பாட்டுக்கு வருவோம். ‘ஐந்து புள்ளி ஒன்று’ என்ற பெயரை 1987இல் டாம்லின்சன் ஹோல்மன் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் முன்வைத்ததாக மேல்நாட்டார் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஐந்தாகப் பகுப்பதை அவருக்கு முன்பே தொல்காப்பியர் செய்துமுடித்துவிட்டார். முன்பக்கம் இடமும் வலமும் ஒன்றோடொன்று கூடி ஒலிப்பது குறிஞ்சி. நடுவில் டிவிக்குக் கீழே படுத்திருக்கும் சென்டர் ஸ்பீக்கர் வழியாகத்தான் சீரியல் அழுகை முழுவதும் வருகிறது என்பதால் அது நெய்தல். பின்பக்கம் இரண்டில் ஒன்று, ஒயர் எட்டாமல் பிரிவில் வாடுவது பாலை. மற்றொன்று, வைக்க இடம் கிடைக்கும்வரை அட்டைப்பெட்டிக்குள் காத்திருப்பது முல்லை. எந்த ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று வீட்டில் நடப்பது மருதம். இதற்கும் மேலே ஏழு புள்ளி ஒன்று வாங்கியவர்களுக்காகவே கைக்கிளையும் பெருந்திணையும் இருக்கின்றன. வலது ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருக்க இடது பதில் சொல்லாவிட்டால் கைக்கிளை. ஆறு ஓமுக்குக் குறையக் கூடாது என்று முதுகில் அச்சடித்திருக்கும் ரிசீவரில் நாலு ஓம் ஸ்பீக்கரை மாட்டிச் சூடேற்றினால் பெருந்திணை, பொருந்தாக் காமம். மிச்சமிருக்கும் அந்தப் ‘புள்ளி ஒன்று’, அதாவது சப்வூஃபர், புறத்திணை. இதை ஏன் புறம் என்கிறேன் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் நிறுவுகிறேன்.

உரிமையாளர் கருத்துகளைப் பள்ளிகளாகப் பிரிப்பது மரபு. ஓய்வுப் பணத்தில் வாங்கியவர் பள்ளி குறையே சொல்லாது. காசு போட்டாகிவிட்டது, இனி குறை சொன்னால் வீட்டில் வேறு பேச்சு வரும். அசெம்பிள் செட் பள்ளி குறையை மட்டுமே சொல்லும், கம்பெனி செட்டைப் பற்றி. “உள்ள தொறந்து பாருங்கண்ணே, டிரான்ஸ்பார்மர் இவ்ளோதான் இருக்கும்” என்று உள்ளங்கையைக் குவித்துக் காட்டுவார்கள். இவர்களுடைய முன்னோர் மண்பானை வாயில் எட்டங்குல ஸ்பீக்கரைக் கவிழ்த்து மாட்டி மூலையில் வைத்து பாஸ் எடுத்த தலைமுறை. பொம்மைக்குப் பேர்போன பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது பானைக்கு என்ன பஞ்சம்? அமெரிக்காவில் இருக்கும் மகன் கொண்டுவந்த செட்டை வைத்திருப்பவர்கள் தனிப் பள்ளி. அவர்களில் சிலர் முதல் நாளே பள்ளியை விட்டு விலகியவர்கள். அந்த ஊர் செட்டு 120 வோல்ட்டுக்குச் செய்தது. வாழ்நாளெல்லாம் ஸ்விட்ச்யார்டில் நின்றவரே ஆசையில் அதை நேராக நம் பிளக்கில் சொருகிப் புகை பார்த்த வழக்குகள் உண்டு. சவுண்ட்பார் வாங்கியவர்களைப் பற்றி மற்ற எல்லாப் பள்ளிகளும் ஒரே கருத்தில் இருப்பதால் அதை இங்கே எழுதுவதற்கில்லை.

பள்ளிகளுக்கு வெளியே, வீட்டுக்குள், இரண்டு கருத்துகள் நிலையானவை. அம்மாவின் கருத்து: “என்னடா சொல்றான் அவன்?” நம் படங்களில் வசனம் பூனை நடை, பின்னணி இசை யானை நடை. வசனத்துக்குக் கூட்டி, சண்டைக்குக் குறைத்து, பாட்டுக்கு மறுபடி கூட்டி, ரிமோட்டைக் கீழே வைக்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் ஹோம் தியேட்டர். இதற்கு மருந்தாகச் சத்த வித்தியாசத்தைச் சுருக்கும் வசதி மெனுவுக்குள் இருக்கிறது. மெனுவுக்குள் இருப்பதாலேயே யாரும் அதைக் கண்டதில்லை. மனைவியின் கருத்து தூசியைப் பற்றியது. அனல்மின் நிலையம் இருக்கும் ஊர். கறுப்பு நிறப் பெட்டி. அதன் மேல்மூடி முழுக்கக் காற்றுத் துளைகள். அந்தத் துளைகளை மறைத்து அவர் போட்ட பின்னல் துணி அழகாகத்தான் இருக்கிறது. ரிசீவர் கோடையில் தானாக அணைந்துகொள்வதற்குக் காரணம் அதுதான் என்று சொல்லும் துணிவு எந்த உரிமையாளருக்கும் இல்லை. “ஓவர்லோடு” என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

யமஹாக்காரர்கள் ஒரு மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். நாம் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து, அறை நிசப்தமாக இருக்கும்போது பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம் என்று ரிசீவரே அளந்துகொள்ளும். நிசப்தம் இல்லாவிட்டால் ‘ஈ-5’ என்று பிழை காட்டும். பேன் ஓடினால் ஈ-5. பேனை நிறுத்தினால் குக்கர் விசில், மறுபடி ஈ-5. கடைசியில் காலை நாலு மணிக்கு எழுந்து அளக்கிறார்கள். அதே பெட்டியில் உலகப் புகழ்பெற்ற அரங்குகளின் எதிரொலியை நம் வீட்டில் உண்டாக்கும் வசதியும் இருக்கிறது: வியன்னா அரங்கு, மியூனிக் அரங்கு, அமெரிக்க இரவு விடுதிகள். பேரப்பிள்ளை எதையோ அழுத்திவிட்டுப் போனதில் சூலமங்கலம் சகோதரிகள் கந்த சஷ்டி கவசத்தை வெள்ளிக்கிழமைதோறும் வியன்னாவில் பாடிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. “கோயில்ல கேக்கற மாதிரியே இருக்கு” என்பது பாட்டியின் கருத்து. இந்த ரிசீவர் வகையைப் பற்றி நான் திரட்டியவற்றில் கலப்படமற்ற பாராட்டு இது ஒன்றுதான். அதையும் ஆஸ்திரியர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது.

இனி புறம். 40 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் எட்டரை மீட்டர். குவார்ட்டர்ஸின் முன்னறை அவ்வளவு நீளம் இல்லை. அலை தன் முழு உருவத்தையும் அறைக்குள் மடக்கிக்கொள்ள முடியாமல் சில இடங்களில் குவிகிறது, சில இடங்களில் அழிகிறது. உரிமையாளர் போட்டிருக்கும் சோபா பெரும்பாலும் அழியும் இடத்தில் இருக்கும். பாஸ் பத்தவில்லை என்று அவர் இன்னும் கூட்டுவார். வசனம் போன்ற உயர்ந்த ஓசைகளைச் செங்கல் சுவர் நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த ஓசையைத் தடுக்கச் சுவர் கனம் போதாது. ஆகவே ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு படமும் அந்தப் பக்கம் வேறொரு படமும் ஓடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் படத்தில் முகம் இல்லை, வசனம் இல்லை, காதல் இல்லை. இரண்டு கார் வெடித்தது, வில்லன் மூன்று முறை வந்தான், ஒரு குத்துப்பாட்டு. இடைவேளை எப்போது விட்டது என்பதைக்கூட அவர் சரியாகச் சொல்கிறார். ரிசீவரில் ஆறாவது சேனலுக்கு முழுநேர நேயர் அவர்தான். சோபாவில் இருப்பவருக்கு அது கேட்பதே இல்லை. அதனால்தான் புறத்திணை.

இது எந்த ஊருக்கும் பொருந்தும் என்று ஆட்சேபிக்கலாம். பொருந்தாது. மற்ற ஊர்களுக்கு இரவு என்று ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு கட்டி, இரவு என்பது பத்து மணி முதல் ஆறு மணி வரை என்று வரையறுத்திருக்கின்றன. சட்டம் எழுதியவர் நைட் ஷிப்டு பார்த்தவர் இல்லை. சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டும் ஓடும் ஊரில், எந்த மணியில் பார்த்தாலும் ஏதோ ஒரு சுவருக்கு அப்பால் ஒருவர் ஜன்னலில் போர்வையைக் கட்டித் தூங்க முயன்றுகொண்டிருக்கிறார். அவருடைய நள்ளிரவு முற்பகல் பதினொன்றுக்கு வருகிறது. அந்நேரம் பக்கத்து வீட்டில் ஜெனரல் ஷிப்டுக்காரர் லீவு போட்டுவிட்டுப் படம் பார்த்தால் விதி அவர் பக்கம், தூக்கம் இவர் பக்கம். சத்தம் சுரங்கத்தில் மேல்மண் பாறைக்கு வைத்த வெடியா, சப்வூஃபரா என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பு. வெடி ஒரு முறையோடு நின்றுவிடும் என்பதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். கூப்பிடு தூரத்து வடலூரில் 1867இல் தருமசாலை தொடங்கிய வள்ளலார், ஒருவரோடு ஒருவர் உரத்துப் பேசினாலே தம் உள்ளம் நடுங்கியதைப் பிள்ளைப் பெரு விண்ணப்பத்தில் முறையிட்டிருக்கிறார். பன்னிரண்டங்குல ஊஃபருக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்தது அவர் செய்த புண்ணியம்.

எனவே இவ்வாய்வின் முடிபு: ரிசீவரைப் பற்றி உரிமையாளருக்கு உரிமை உண்டு, கருத்து இல்லை, கருத்து முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது. அதை எடுப்பதுதான் கடினம். ஒரே டிபார்ட்மெண்டில் வேலை, ஒரே கோயிலில் மார்கழிப் பொங்கல். நேரில் கேட்டால் “ஒண்ணும் டிஸ்டர்பன்ஸ் இல்ல சார்” என்பார்கள். ஆகவே தரவுக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மழையோடு இடி இறங்கி, கேபிள் ஒயர் வழியாகப் பாய்ந்து, ஒரு வீட்டு ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டைப் பொசுக்கிவிட்டது. மறுவாரம் அந்த வீட்டுக்காரர் வாசலில் நிற்கையில், நைட் ஷிப்டு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் தாமாக நின்றார்.

“என்ன சார், ஒரு வாரமா சத்தத்தையே காணோம்? செட்டு ரிப்பேரா?”

“போர்டு போயிடுச்சு சார். விருத்தாசலத்துல ஒருத்தர் பார்ப்பாராம். கொடுக்கணும்.”

“அடடா. நல்ல செட்டாச்சே சார் அது” என்றார் அவர், முகம் தெளிந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவர் குரலில். “கண்டவன் கையில கொடுத்துராதீங்க. பொறுமையா விசாரிச்சுக் கொடுப்போம். தை பொறக்கட்டும்.”