கிட்டப்போர் இலக்கணம்: ஆம்பூர் உரை

மாய உலகக் கணினி விளையாட்டுகளில் வாள், கோடரி, கதை, குத்துவாள் இவற்றுள் ஒன்றை ஏந்தி, எதிரியின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் நின்று அடிப்பவரும் அடிபடுபவரும் கிட்டப்போர் மாந்தர் எனப்படுவர். வில்லாளரும் மந்திரவாதிகளும் இந்நூலுக்குப் புறம்பு. அவர்களுக்காகப் பரிந்து பேச ஏற்கெனவே ஆள் உண்டு.

ஆம்பூரில் இருந்துகொண்டு இதை எழுதுவானேன் எனின், தோல் கவசத்துக்கு இவ்விளையாட்டுகள் இழைக்கும் அநீதியைத் தோல் பதனிடும் ஊர்களான வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை ஒருவரும் கேட்கவில்லை ஆதலின் என்க. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு இக்கலைக்கு முதல்நூல். அதில் எண் குறையக் குறையக் காப்பு கூடும்: வெற்றுடம்பு 9, தோல் 7, தகட்டுக் கவசம் 3. பிற்பாடு கணக்கை ஏறுவரிசையாக்கினார்கள். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் வெற்றுடம்பு 10, தோல் 11, தகடு 18. ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, டிரம்மில் உருட்டிக் குரோம் ஏற்றி, சாயமும் எண்ணெயும் ஊட்டிக் காயவைத்த தோலுக்கு ஆகக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி! ஆவாரம்பட்டைக் குழியில் நாள்கணக்கில் கிடந்த பழங்காலத் தோலுக்கும் அதே ஒன்றுதான். 'ஸ்கைரிம்' விளையாட்டிலோ உரித்த தோலைச் சட்டத்தருகே கொண்டுபோய் ஒரு பொத்தானை அழுத்தினால் பதனிட்டாயிற்று. கழிவுநீரே கிடையாது. பாலாற்றங்கரைக்காரர்கள் வயிறெரியாமல் என்ன செய்வார்கள்?

நடுநிலை கருதி ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூர்த் தோல் ஷூ அப்பருக்கு வளையும்படி மென்மையாகப் பதனிட்டது. வாளைத் தாங்க இறுக்கிக் கடினமாக்கிய தோல் வேண்டும். ஆகவே அந்த ஒரு புள்ளியும் நம் சரக்குக்குச் சலுகைதானோ என்ற ஐயம் எமக்கு உண்டு.

இனி வகை. புறத்திணைப் பெயர்களையே கடன்கொள்கிறோம். கரந்தையைத் தனித்திணையாக்கியது புறப்பொருள் வெண்பாமாலை வழி, தொல்காப்பியர் பொறுத்தருள்க.

வெட்சி மாந்தர்: இருளில் பதுங்கி, முதுகில் குத்துவோர். தோல் கவசத்தை விரும்பி அணியும் ஒரே கூட்டம் என்பதால் இவர்கள் எம் வாடிக்கையாளர், குறை சொல்வதற்கில்லை. எதிரி விழிப்பதற்குள் காரியம் முடிந்துவிடுவதால், விளையாட்டைக் கடினமாக்கினாலும் இவர்களுக்கு வியர்ப்பது குறைவு.

கரந்தை மாந்தர்: பிறருக்கு விழும் அடியைத் தாம் வாங்குவோர், இக்காலத்தார் 'டேங்க்' என்பர். இவர்களுக்குச் சான்று சவ்வாது மலைக்கு அப்பால், செங்கம் பக்கத்து நடுகற்களில் இருக்கிறது. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனைக் கையில் ஆயுதத்தோடும் உடம்பில் தைத்த அம்புகளோடும் செதுக்கியிருப்பார்கள். கிட்டப்போர் மாந்தரின் முறையீட்டு மனுவாகவே யாம் அதைப் படிக்கிறோம்: எட்டுவதற்குள் வில்லாளன் தைத்துவிடுகிறான். நெருங்கும்வரை திருப்பி அடிக்க வழியில்லை, வாங்கத்தான் வழி. இதனை நடைக்கூலி என்போம். வில்லாளன் இதைக் கட்டுவதே இல்லை.

உழிஞை மாந்தர்: வேறொருவர் கதவைத் திறந்துவிட்டால் உள்ளே புகுந்து துவம்சம் செய்வோர். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்ததும் அதற்கு ஒரு காரணம். தோலால் ஒரு புள்ளி கூடக் கூடாத இடமும் உண்டு என அறிக. ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த ஆங்கிலப் படை அதிகாரி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறி, எஞ்சியிருந்த வெள்ளை வீரர்களைத் திரட்டித் துப்பாக்கி ஈட்டியால் குத்தித் தாக்குப்பிடித்தார். ஆயினும் முடிவைக் கொண்டுவந்தது, கோட்டைக் கதவை உடைத்த குதிரைப்படைப் பீரங்கி. அதன்பிறகே வாள்கள் உள்ளே நுழைந்தன, நடந்தது படுகொலை.

தும்பை மாந்தர்: ஒளியாமல், ஒதுங்காமல், நேரே போய் மோதுவோர். எல்லாப் பாவமும் வந்து விடிவது இவர்கள் தலையில்தான். 1749 ஆகஸ்ட்டில் இதே ஆம்பூரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் யானைமேல் இருந்தபடி எதிரித் தலைவனைத் தேடிப் போனார். போர்க்களத்தில் துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்தார். யானை என்ன உயரமிருந்தாலும் கை எட்டும் தூரம் கை எட்டும் தூரம்தான்.

இவர்களை வதைப்பது பெருக்கல் என்னும் நோய். 'ஸ்கைரிம்' ஆட்டத்தின் லெஜண்டரி நிலையில் நாம் கொடுக்கும் அடி கால்பங்கு, வாங்கும் அடி மும்மடங்கு. சாதாரண நிலையில் ஐந்து வெட்டில் சாய்ந்த கொள்ளைக்காரன் இப்போது இருபது வெட்டு கேட்பான். அந்த இருபதுக்கும் எதிரே நிற்க வேண்டும், நிற்கும் நேரமெல்லாம் மூன்று மடங்கு வாங்க வேண்டும். வில்லாளனுக்கும் இருபது அம்புதான். ஆனால் அவன் பாறைமேல் நிற்கிறான். மிஷினையும் மாற்றாமல் ஆளையும் சேர்க்காமல் பீஸ் கணக்கை மட்டும் நாலு மடங்காக்கும் சூப்பர்வைசரின் புத்தி இது. கொள்ளைக்காரன் முன்னைவிடச் சாமர்த்தியசாலியாகிவிட்டானா என்றால், இல்லை; ஆள் தடித்துவிட்டான், அவ்வளவே.

மருந்து தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஹிதெடகா மியாசாகியின் 'டார்க் சோல்ஸ்' 2011-இல் வந்தது. கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகே அதில் இல்லை. எதிரி கோடரியை ஓங்குவது கண்ணுக்குத் தெரியும். ஓங்கிய கை இறங்குமுன் உருண்டால் தப்பலாம். கேடயத்தில் வாங்கினால் மூச்சு குறையும். பேராசைப்பட்டு ஒரு வெட்டு கூடப் போட்டால் செத்தோம். கிட்டே நிற்பதற்கென்று ஓர் அறிவு அங்கே உண்டு, அதைக் கற்கலாம். எத்தனை முறை செத்தாலும் கணக்கு தவறு என்று தோன்றாது. கை தவறு என்றே தோன்றும். எம் கட்சி இதுவே.

ஒழிபு: மேற்கூறிய எவ்வகையிலும் அடங்காதோர் சிலர். வெறுங்கையால் குத்துவோர் கவசமே வாங்காததால் ஆம்பூருக்குப் பயனற்றவர், விடுக. மற்றொரு கூட்டம் மிகப் பெரிது. வாளும் கேடயமுமாகத் தும்பை சூடிக் கிளம்பி, முதல் மலைக்கோட்டையில் நாலு முறை செத்து, 'இது ஒன்று மட்டும்' என்று ஒரு வில்லைப் பையில் போட்டு, அப்புறம் புதரில் குனிந்து உட்கார்ந்தவர்கள். 'ஸ்கைரிம்' ஆடியவர்களில் இப்படி முடியாதவரைக் காண்பது அரிது. இவர்களை வெட்சியில் சேர்ப்பதா, நூலைவிட்டே நீக்குவதா என்பதில் உரையாசிரியர்களுக்குள் உடன்பாடில்லை. தோல் கவசம் அணிந்திருப்பதால் இப்போதைக்குச் சேர்த்துக்கொள்கிறோம்.