சுருக்கண்ணன்

காலையில் கிள்ளானில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கும் கூட்டத்தில் சுருக்கண்ணன் ஒருவராவது இருப்பார். புரோகிராம் எழுதுபவர். நீளமாக எதைக் கண்டாலும் கை அரிக்கும். "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டால் "ஆச்" என்பார். 'சு' வீண்செலவு.

அவர் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. 'ஆர்டர்.கஸ்டமர்.அட்ரஸ்.சிட்டி', அடுத்த வரியில் 'ஆர்டர்.கஸ்டமர்.அட்ரஸ்.போஸ்ட்கோட்' என்று பக்கம் முழுக்க ஒரே பல்லவி என்றால் யாருக்குத்தான் எரியாது? முதல் வரியிலேயே அந்த நீளத்தை 'அட்ரஸ்' என்றொரு மாறியில் பிடித்து வைத்தால் மீதி வரிகள் தானாக இளைத்துவிடும். அண்ணன் அதோடு நிற்பாரா? 'அட்ரஸ்' 'ஏ' ஆகும். அமௌன்ட் வந்தால் 'ஏஏ'. ஏஜென்ட் வந்தால் 'ஏ2'.

ஜாவாஸ்கிரிப்டின் 'வித்' அவருக்கு உயிர். அட்ரஸை ஒருமுறை சொல்லிவிட்டால், அடைப்புக்குறிக்குள் வெறும் 'சிட்டி' போதும். அது அட்ரஸுக்குள் இருக்கும் சிட்டியா, வெளியே திரியும் சிட்டியா என்று படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் 2009-இல் வந்த 'ஸ்ட்ரிக்ட் மோட்' அதற்குத் தடை போட்டது. அண்ணன் துக்கம் காத்தார். 2015-இல், வேண்டிய உறுப்புகளை ஒரே வரியில் பிரித்தெடுக்கும் வசதி வந்தபிறகுதான் பாதி ஆறினார்.

கைப்பேசியிலும் இதே சட்டம். மனைவி 'எம்'. புது மேனேஜர் வந்தார்; அவரும் 'எம்'. ஒருநாள் மதியம், "செல்லம், ராத்திரிக்கு ரசம் போதும், வயிறு சரியில்ல" என்ற செய்தி மேனேஜருக்குப் போனது. "ஓகே, நோட்டட்" என்று பதில் வந்தது. மனைவி இன்று சண்டைக்கு வரவில்லையே என்று அண்ணன் மகிழ்ந்துபோனார். ராத்திரி வீட்டில் பிரட்டல்.

பிரிக்பீல்ட்ஸ் கடையில் "தே ஓ கோசோங்" என்றார். பாலும் சீனியும் இல்லாத தேநீர் வந்தது.

"பாத்தியா தம்பி, மூணே சொல்லு!" என்று புதிதாகச் சேர்ந்த பையனிடம் பெருமைப்பட்டார்.

"அது கடைக்காரருக்கும் தெரியும்ணே. உங்க 'ஏ2' எனக்குத் தெரியலயே லா."

அண்ணன் தேநீரை உறிஞ்சியபடி யோசித்தார். பையன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அலுவலகம் திரும்பியதும் 'ஏ2' என்றால் என்ன, அதை ஏன் 'ஏஏ'வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று மேலே குறிப்பு எழுதி வைத்தார்.

ஏழு வரி.