டிராவர்சர் இலக்கணம்: திரைக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர்

1. வரையறை

மாதிரி ரயில் அமைப்பில் டிராவர்சர் எனப்படுவது, இணையான பல தண்டவாளப் பாதைகளைச் சுமந்தபடி பக்கவாட்டில் நகரும் மேசை. வெளியிலிருந்து வந்து சேர்வது ஒரே பாதை. மேசைமேல் கிடப்பவை ஐந்தோ ஆறோ. வேண்டிய பாதை வரும் பாதைக்கு நேரே நிற்கும்வரை மேசையைத் தள்ள வேண்டும். தள்ளுவது மனிதக் கை. அந்தக் கை பார்வையாளர் கண்ணில் படக்கூடாது என்பது டிராவர்சரின் முதல் விதி. பட்டாலும் பட்டதாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது பார்வையாளருக்கான விதி.

மேசை இருக்கும் இடத்துக்கு ஃபிடில் யார்டு என்று பெயர். பிரிட்டனில் பள்ளிக்கூட அரங்கிலும் தேவாலயக் கூடத்திலும் வார இறுதியில் விரித்து, ஞாயிறு மாலை மடித்து எடுத்துப்போகும் சிறிய அமைப்புகளில் ஏறக்குறைய பாதி நீளத்தை இதுவே விழுங்கிவிடும். முன்பாதியில் ஸ்டேஷன், சிக்னல், புல்வெளி, ரயிலுக்குக் காத்திருக்கும் பயணி. பின்பாதியில் வண்ணம் பூசாத ப்ளைவுட். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். பாலத்தடியில் நுழைந்த வண்டி பார்வையாளர் கணக்கில் லண்டன் போய்க்கொண்டிருக்கிறது. இயக்குபவர் கணக்கில் அவருடைய தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1957இல் சிரில் ஃப்ரீசர் ‘ரயில்வே மாடலர்’ இதழில் வெளியிட்டுப் பெயர்பெற்ற ‘மைனரீஸ்’ வரைபடமும் இந்த ஏற்பாட்டை நம்பியதே. அதில் ஒரு நகர முனையம் உண்டு. முனையத்துக்கு அப்பால் ஊரே கிடையாது. அந்த இல்லாத ஊரிலிருந்துதான் எல்லா வண்டிகளும் நேரத்துக்கு வந்தாக வேண்டும்.

2. முன்னோர்

டிராவர்சர் விளையாட்டுக்காரர்களின் கண்டுபிடிப்பு அன்று. எஞ்சினையும் பெட்டியையும் ஒரு கொட்டகை வாசலிலிருந்து அடுத்த கொட்டகை வாசலுக்குக் கொண்டுபோக, பெரிய ரயில்வே ஒர்க்‌ஷாப்புகள் இதை நெடுங்காலமாக வைத்திருக்கின்றன. பயணிகள் நிலையத்திலும் இது இருந்ததுண்டு. 1909இல் திறக்கப்பட்ட பர்மிங்காம் மூர் ஸ்ட்ரீட் நிலையத்தில், பாதை முடியும் இடத்தில் மின்சார டிராவர்சர்கள் இருந்தன. வண்டியை இழுத்துவந்து மாட்டிக்கொண்ட எஞ்சினை அவை அப்படியே பக்கத்துப் பாதைக்கு நகர்த்தி விடுவிக்கும். இடப்பற்றாக்குறைதான் காரணம். அதே காரணம் 76 மடங்கு சிறுத்து வீட்டு அறைக்குள் வந்தபோது, தீர்வும் கூடவே வந்தது.

3. தேவை

ஆறு பாதைகளைப் பாயிண்ட் போட்டுப் பிரித்தால் ஆகாதா என்பது இத்துறையில் முதலில் எழும் ஐயம். ஆகும், ஆனால் அடுக்காது. ஒன்றை ஆறாகப் பிரிக்க ஐந்து பாயிண்ட் வேண்டும். பீக்கோ நிறுவனத்தின் சிறிய பாயிண்ட் ஒன்றின் நீளமே 185 மி.மீ. ஒன்றையடுத்து ஒன்றாக வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், வண்டி நிற்க இடம் பிறப்பதற்கு முன்பே தீர்ந்துபோகும். டிராவர்சரோ நீளத்தில் ஒரு விரற்கடைகூடக் கேட்பதில்லை. அகலத்தைக் கேட்கும், அதைப் பின்னர் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

4. அளவைகள்

பிரிட்டனில் பெருவழக்கான ஓஓ அளவில் ஓர் அடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76.2. பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 பெட்டி ஒன்று இந்த அளவில் சுமார் 265 மி.மீ. வரும். டெண்டருடன் கூடிய எஞ்சினுக்கு 280 என்று வைத்துக்கொண்டால், மூன்று பெட்டி வண்டி 1075 மி.மீ.; நான்கு பெட்டி வண்டி 1340. காரின் பின்னிருக்கையை மடித்தால் உள்ளே போகும் பலகையின் நீளம் 1200. ஆகவே லண்டன் எக்ஸ்பிரஸுக்கு மூன்றே பெட்டி. ரயில்வேயில் வண்டியின் நீளத்தைப் பயணிகள் கூட்டம் தீர்மானிக்கும். இங்கே அதைத் தீர்மானிப்பது கார் டிக்கி.

அகலத்தின் கணக்கு இது. பாதைக்குப் பாதை இடைவெளி 60 மி.மீ. கவிழ்ந்த பெட்டியை எடுக்க இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு தாராளம். ஆறு பாதைக்கு மேசை அகலம் 360. முதல் பாதையிலிருந்து ஆறாம் பாதைக்கு மாற, மேசை 300 நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால் 660. வழக்கமான பலகை 610. மிச்சமுள்ள 50 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நின்று, இயக்குபவரின் வயிற்றோடு அவ்வப்போது அறிமுகம் செய்துகொள்ளும்.

5. நகர்வு

நகரும் முறை இருவகைப்படும்: வழுக்குவது, உருள்வது. வழுக்கும் வகையில் மரத்தின்மேல் மரம். இடையில் மெழுகுவர்த்தி தேய்த்திருக்கும். செலவு குறைவு, முனகல் அதிகம். உருளும் வகையில் அலமாரி டிராயருக்குப் போடும் பால் பேரிங் சேனல் இரண்டு, மேசையின் இரு முனைகளிலும் தண்டவாளத்துக்குக் குறுக்காக அமையும். சேனலை டிராயரில் உள்ளதுபோல் நிமிர்த்தியே பொருத்த வேண்டும். படுக்கவைத்தால் நீளும்போது தொய்யும். மேசையின் உயரம் குறைந்தால் தண்டவாளமும் இறங்கும், அதன்மேல் நிற்கும் எக்ஸ்பிரஸும் இறங்கும்.

உண்மையான தொல்லை கோணல். இரண்டு சேனல்களுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் தூரம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அந்த முனை வரும், மறுமுனை யோசிக்கும். பழைய பீரோ டிராயரை ஒரு பக்கக் கைப்பிடியால் இழுத்தவர்கள் அறிந்த நிலை இது. பரிகாரம் மூன்று. சேனல்களை ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாத இணையாகப் பொருத்துவது முதலாவது. கைப்பிடியை மேசையின் நடுவில் வைப்பது இரண்டாவது. மூன்றாவது, படம் வரையும் பலகையில் நீண்ட அளவுகோல் கோணாமல் ஏறி இறங்கக் கட்டும் குறுக்குக் கம்பியை மேசைக்கு அடியில் கட்டுவது. ஒரு முனை நகர்ந்தால் மறுமுனையையும் அது இழுத்துக்கொண்டு வரும். மூன்றையும் செய்தவர் மேசை சுண்டுவிரலுக்கு நகரும். நகர்ந்த பிறகு நிற்பது வேறு கலை. வெடுக்கென்று நிறுத்தினால் மேசை நிற்கும், மேலுள்ள பெட்டிகள் பயணத்தைத் தொடரும்.

6. நேர்படுத்தல்

இங்கேதான் இத்துறையின் மையமான முரண் இருக்கிறது. ஓஓ அளவில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. இதை 76.2ஆல் பெருக்கினால் 1257 மி.மீ. பிரிட்டனின் மெய்யான பாதை 1435. ஆக, ஒவ்வொரு ஓஓ பாதையும் 178 மி.மீ. குறுகலானது. பார்வையாளர் நடந்து பார்க்கும் முன்பாதியில், விளக்கு வெளிச்சத்தில், இந்தப் பொய் நாள் முழுவதும் கிடக்கிறது, பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள். யாரும் பார்க்காத பின்பாதியில், மேசையும் பலகையும் சந்திக்கும் இடத்தில், தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகினால் போதும். விகிதப்படி அது வெறும் 38 மி.மீ.தான், ஆனால் சக்கரத்தின் விளிம்புக்கு விகிதம் தெரியாது. தடுக்கி ஏறும், எஞ்சின் இறங்கும். காட்சிக்கு உரிய பாதியில் கணக்கு சற்றுப் பிசகலாம், மறைந்திருக்கும் பாதியில் பிசகக்கூடாது என்பது இதிலிருந்து பெறப்படும் முடிபு.

ஆகவே நேர்படுத்தக் கண்ணை நம்பலாகாது, தாழ்ப்பாளை நம்பலாம். கதவுக்குப் போடும் சிறிய பித்தளைத் தாழ்ப்பாள்கள் இரண்டு பலகையில்; ஒவ்வொரு பாதைக்கும் ஒரு ஜோடிப் பித்தளைக் குழல் மேசையில். தாழ் குழலுக்குள் விழுந்தால் பாதை நேர். பித்தளை மின்சாரத்தையும் கடத்தும் என்பதால், இடத் தண்டவாளத்துக்கு ஒரு தாழ், வலத் தண்டவாளத்துக்கு ஒரு தாழ் என்று ஒயரைப் பற்றவைத்துவிட்டால் 12 வோல்ட் தாழ் வழியாகவே மேசைக்குப் போகும். தாழிட்ட பாதைக்கு மட்டும் மின்சாரம்; மற்ற ஐந்தும் உறங்கும். பாலத்தடியில் உள்ள கடைசி ஒரு வண்டி நீளப் பாதைக்கும் அதே தாழ் வழியே மின்சாரம் தந்தால் பாதுகாப்பு நிறைவுபெறும்: மேசை நேராக இல்லையென்றால் வரும் வண்டி தானே நிற்கும். இந்த ஏற்பாடு இல்லாத அமைப்பில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பாதை வெறுமையில் முடிகிறது. விகிதப்படி அது 76 மீட்டர் பள்ளத்தாக்கு. விழுவது மட்டும் விகிதப்படி விழுவதில்லை.

7. வெட்டு

புதியவர் மேசையில் ஒரு துண்டும் பலகையில் ஒரு துண்டுமாகத் தண்டவாளத்தை ஒட்டிவிட்டு, இரண்டும் பொருந்தவில்லை என்று வருந்துவார். முறை அதுவன்று. மேசையைத் தாழிட்டு நிறுத்தி, தண்டவாளத்தை இடைவெளியின் குறுக்கே ஒரே துண்டாக ஓடவிட வேண்டும். இடைவெளியின் இரு கரைகளிலும் பித்தளை ஸ்க்ரூக்களை இறக்கி, தலை தண்டவாளத்தின் அடியைத் தொடும் உயரத்தில் நிறுத்தி, சால்டர் வைக்க வேண்டும். அதன்பின் மெல்லிய ரம்பத்தால் குறுக்கே ஒரே வெட்டு. முன்பு ஒன்றாக இருந்தவை என்பதால், ஒவ்வொரு முறை தாழிடும்போதும் இரு முனைகளும் மீண்டும் எதிரெதிரே வந்து நிற்கும். மேசை சற்றுத் தாழ்ந்திருப்பது வெட்டுக்கு முன்பே தெரிந்தால், பாதைக்கடியில் பழைய விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகுவது நடைமுறை. விசிட்டிங் கார்டின் நிலையான பயன்களுள் இதுவும் ஒன்று.

8. இயக்குவோர் வகை

டிராவர்சரை இயக்குவோர் மூவகையினர். தாழை எடுக்க மறந்து தள்ளுவோர் முதல் வகை. இவர்களால் தாழ் வளையும். தள்ளியபின் தாழிட மறப்போர் இரண்டாம் வகை. எஞ்சின் ஏன் நகரவில்லை என்று கண்ட்ரோலரைத் திருகிக்கொண்டே இருந்து, தாழ் நினைவுக்கு வந்து அதை இட்டதும், முழு வேகத்தில் புறப்படும் வண்டியைப் பார்த்துத் திகைப்போர் இவர்கள். பாதி ரயில் மேசையிலும் பாதி பாலத்தடியிலும் இருக்கும்போது தள்ளுவோர் மூன்றாம் வகை. முதல் இரு வகையினருக்குப் பயிற்சி உண்டு. மூன்றாம் வகையினரைத் தேநீர் வாங்கிவர அனுப்புவது வழக்கம்.

9. பயணம்

எடுத்துச் செல்லும் அமைப்பில் டிராவர்சருக்கு உரிய கடைசி உறுப்பு, மேசையை நகரவிடாமல் பிடிக்கும் போல்ட். தாழ்ப்பாளை இதற்குப் பயன்படுத்தலாகாது. சாலைக் குலுக்கலில் அது வளைந்தால் ஊர் போய்ச் சேர்ந்ததும் ஆறு பாதையும் சேர்ந்து விலகும். மேசையை நடுநிலையில் நிறுத்தி, இரு முனைகளிலும் போல்ட்டை முடுக்கி, வெட்டிய தண்டவாள முனைகள் காரின் கதவிலோ யாருடைய கோட்டிலோ சிக்காதபடி ஒரு மரப்பட்டையை அவற்றின்மேல் திருக வேண்டும். ஈரக்காற்றில் ப்ளைவுட் சற்று உப்பும் என்பதால், கூடத்தில் இறக்கியதும் பெட்டிகளை அடுக்கும் முன்னர் ஆறு பாதையிலும் ஓர் எஞ்சினைத் தனியாக ஓட்டிப் பார்ப்பது நெறி. ஆறும் கடந்தால் திரையைக் கட்டலாம். ஒன்று தடுக்கினால் அந்தக் கண்காட்சிக்கு ஐந்து பாதை என்று கொண்டு, கால அட்டவணையிலிருந்து ஒரு வண்டியை நீக்கிவிட வேண்டும்.