முன்னாள் ரிசர்வ்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவங்காடி கணபதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாலைக் கடைத்தெருப் பக்கம் நடப்பவர்கள் இவரைக் கடக்காமல் போக முடியாது. மச்சினனின் பாத்திரக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூல் இவருடையது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. காலில் மட்டும் கான்வாஸ் ஷூ. எந்த நிமிஷமும் கோச் கூப்பிடலாம் அல்லவா?

1970-களில் பல்கலைக்கழக வாலிபால் அணியில் ரிசர்வாக இருந்தவர். அதன்பிறகு முப்பது சொச்சம் வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்ததெல்லாம் அவர் கணக்கில் இடைவேளைதான். ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. கோவில்பட்டியில் ஹாக்கி ஸ்டிக்கோடு இருப்பார், கோழிக்கோட்டில் ஃபுட்பால் பேசுவார். பழவங்காடியில் நாஞ்சில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் வாலிபால்காரர்.

இவருடைய தலையாய கொள்கை ஒன்றுதான்: டிவியில் வந்தால் அது மேட்ச், வராவிட்டால் பிராக்டிஸ்.

டிவியில் மேட்ச் பார்ப்பதற்கென்று ஓர் ஆசாரம் வைத்திருக்கிறார். குளித்துவிட்டு உட்கார வேண்டும். ரிமோட் அவர் மடியில் இருக்க வேண்டும். கமென்டேட்டர் பேசும்போது வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. 1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து, கல்லூரி வாலிபாலை என்றைக்காவது ஒழுங்காகக் காட்டுவார்கள் என்று இந்த ஆசாரத்தோடு காத்திருக்கிறார். 2020-இல் புவனேஸ்வரில் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் தொடங்கி, அவை டிவிக்கும் வந்தபோது, "சொன்னேம்லா?" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். டிவியை அவர் போட்ட நேரத்துக்கெல்லாம் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பொறுமையாகப் பார்த்தார். 'அவனுகளும் காலேஜ்தானே' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

டிவிக்காரர்கள்மேல் அவருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல், அதுவும் கிரிக்கெட்டை வைத்து. பாளையத்தில் உள்ள பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1984-இல் ஆஸ்திரேலியாவும் 1988-இல் வெஸ்ட் இண்டீஸும் வந்து ஆடின. காரியவட்டத்தில் பல்கலைக்கழக நிலத்தில் எழும்பிய ஸ்டேடியத்துக்கு 2017 நவம்பரில் நியூசிலாந்து வந்தது. மழை பெய்து ஆட்டம் எட்டு ஓவராகச் சுருங்கியது. "இடம் யூனிவர்சிட்டிக்கு, எட்டு ஓவருக்கு அத்தனை கேமரா! அஞ்சு செட் வாலிபாலுக்கு ஒரு கேமரா கொண்டாந்தா வயரு தேஞ்சா போயிரும்?"

இந்தக் கேள்விக்கு மச்சினன் மகனிடம் பதில் இருந்தது. சட்டைப் பையிலேயே இருந்தது. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி எங்கோ ஒரு வளாகத்தில் நடந்துகொண்டிருக்க, அந்தப் பல்கலைக்கழகமே அதை யூடியூபில் விட்டுக்கொண்டிருந்தது. பையன் போனை ஒரு எவர்சில்வர் சொம்பில் சாய்த்து மாமா முன்னால் வைத்தான்.

"என்னடே இது?"

"லைவ் மாமா. உங்க காலேஜ் வாலிபால்."

"கமென்டேட்டர் எங்கே?"

"அதெல்லாம் கிடையாது."

"ஸ்கோரு?"

"நாமளே எண்ணிக்கணும்."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கேமரா மூலையில் ஒரே இடத்தில் நின்றது. முன்னால் ஒரு தூண் இருந்ததால் ஒரு பக்கத்து லிஃப்டரைப் பாதிதான் பார்க்க முடிந்தது. பந்து கொஞ்சம் உயரப் போனால் படத்தை விட்டே போய்விட்டது. ஆட்டத்தின் சத்தம் வரவில்லை. கேமராப் பையன் தன் நண்பனிடம் புரோட்டா எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தது மட்டும் துல்லியமாகக் கேட்டது.

"இதைப் பார்க்கிறதுக்குப் பேசாம கண்ணை மூடிக்கிட்டு நெனச்சுப் பார்க்கலாம்" என்றார். சொன்னாரே தவிர, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து செட்டும் பார்த்தார். குளிக்கவில்லை. குக்கர் வாங்க வந்த அம்மாளைப் பையன்தான் கவனித்தான்.

அன்றிலிருந்து தினமும் போனைத் திட்டுகிறார், தினமும் பார்க்கிறார். திட்டுவதற்குப் பெரிய ஆதாரம் அதன் தாமதம். கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் மேட்ச் அன்று பக்கத்துக் கடை டிவியில் கோல் விழுந்து கூச்சல் எழும்பும்போது, இங்கே போனில் பந்து இன்னும் நடு மைதானத்தில் நிற்கும். "லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில நம்ம உஷா வெண்கலத்தை விட்டது எவ்வளவுலே? ஒரு செகண்டில நூத்துல ஒரு பங்கு! நீ அரை நிமிஷம் பிந்தி வாரதை லைவுன்னு சொல்லுக."

அடுத்த ஆதாரம் டெக்சாஸில் இருக்கும் மகள் வழியாகக் கிடைத்தது. அமெரிக்காவில் சனிக்கிழமையென்றால் கல்லூரி ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஃபுட்பால். 2025 அக்டோபர் கடைசியில் யூடியூப் டிவிக்கும் டிஸ்னிக்கும் காசுத் தகராறு முற்றி, சந்தா கட்டியவர்களுக்கும் அந்த ஃபுட்பாலைக் காட்டும் டிஸ்னியின் இஎஸ்பிஎன் இரண்டு வாரம் வராமல் போயிற்று. மாமாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தியா மருமவனே, துட்டு கட்டியும் இருட்டு!"

பையன் விடவில்லை. அந்த ஊரில் எந்தக் கல்லூரி ஆட்டத்தை எத்தனை தடவை டிவியில் காட்டலாம் என்று என்சிஏஏ என்ற ஒரே சங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்ததையும், ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் கேஸ் போட்டு 1984-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்ததையும் எடுத்துச் சொன்னான். மாமா வெகுநேரம் யோசித்தார்.

"எங்க ஆட்டத்தை டிவியில காட்ட விடுன்னு காலேஜே கேஸ் போட்டுச்சா?"

"ஆமா மாமா."

"நம்மூர்ல மைதானத்துல நெட்டு கட்டித் தான்னு கேட்டே நாங்க மூணு பெட்டிஷன் போட்டோம்டே."

கமென்டேட்டர் இல்லாத குறைதான் அவரை ரொம்ப நாள் உறுத்தியது. அது தீர்ந்த விதம் வேடிக்கையானது. பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைப்பதுதான் முக்கிய வழிபாடு. பட்டாளம் பராமரிக்கும் கோயில், ஆனால் தேங்காய் உடைவதற்கு ஒழுங்குமுறை எதுவும் கிடையாது. அன்று போனில் ஒரு பையன் எம்பி அடித்த அதே நொடியில் கோயிலில் தேங்காய் 'டமார்' என்று சிதறியது. சத்தமில்லாத ஸ்மாஷுக்குச் சத்தம் வந்துவிட்டது. மாமாவை அறியாமலே வாய் திறந்தது: "இதா, லிஃப்டர் பின்னால தள்ளிப் போட்டிருக்கான்... பிளாக்குக்கு ரெண்டு பேரு... அடி! நடுவுல எறங்கியாச்சு! ஜிம்மி ஜார்ஜுன்னா இந்நேரம் இன்னும் மேலயே நின்னுக்கிட்டிருப்பான்!"

வெள்ளையம்பலத்து இண்டோர் ஸ்டேடியத்துக்குப் பேராகிப்போன ஜிம்மி ஜார்ஜ், மாமா ரிசர்வாக இருந்த அதே பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். அவர் எம்பினால் அந்தரத்தில் நிற்பார் என்பது கேரளத்தில் எல்லோரும் சொல்வது. ஆனால் பெஞ்சிலிருந்து பார்த்தவர் சொல்லும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. எதிர்க்கடைப் பூக்காரர் வந்து நின்றார். ஆட்டோக்காரர்கள் இருவர் நின்றார்கள். தூணுக்குப் பின்னால் நடப்பதைக்கூட மாமா விட்டுவைக்கவில்லை. தோள் திரும்பும் கோணத்தை வைத்து, பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே சொன்னார். விழுந்தது. டிவியில் கோட் போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் ரீப்ளேயில் சொல்வதை இவர் முதல் தடவையிலேயே சொன்னார்.

பையன் அதைப் பதிவுசெய்து, அந்தப் பல்கலைக்கழகத்தில் கேமரா பிடிக்கும் நண்பனுக்கு அனுப்பிவிட்டான். மறுநாளே பதில் வந்தது: அடுத்த போட்டிக்கு மாமாவை அழைத்துக்கொண்டு வர முடியுமா, மைக் தயார், புரோட்டாவும் உண்டு.

"டிவியில வருமா?"

"இல்ல மாமா, யூடியூப்தான்."

மாமா எழுந்து நின்று ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அரை நிமிஷம் பிந்தித்தான் வரும்னா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டாலும் அதுக்குள்ள திருத்திக்கிடலாம்லா?"