எண்பது நிமிட மோட்சம்

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் செம்பனையாகி, தாமானாகியும் விட்டது. மாமாவின் பழைய புரோட்டோன் மட்டும் மாறவில்லை; அதில் சிடிதான் பாடும். பென்டிரைவோடு ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கு வந்தவர் கேட்டார்: "தம்பி, எம்பி3-ஐ வேவ் ஆக்கி எரிச்சா சவுண்டு கூடும்ல?"

கூடாது மாமா. காதுக்கு எட்டாது என்று எம்பி3 வெட்டி எறிந்த ஒலி திரும்பி வராது. 128 கிலோபிட் கோப்பு பத்து மடங்குக்கு மேல் பெருக்கும், அவ்வளவுதான். தேங்காய்ச் சக்கையை அண்டாவில் கொட்டினால் பால் ஊறுமா?

ஆடியோ சிடி 80 நிமிடம், பதினாறு பாட்டு. எம்பி3-யாகவே எரித்தால் நூற்றைம்பது போகும், ஆனால் மாமாவின் பிளேயருக்கு அந்தப் படிப்பு கிடையாது.

தட்டு என்றதும் ஒரு சட்டம் நினைவுக்கு வருகிறது: மலேசியா 2000-இல் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்து, தட்டு அடிக்கும் ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். அதற்குள் எரிக்கும் கருவி வீட்டுக் கணினிக்கே வந்துவிட்டது. பசார் மாலாமில் இளையராஜாவுக்கு உரிமம் கேட்டவர் யார்?

எரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசியில் ஃபைனலைஸ் செய்ய மறக்காதீர்கள். மறந்தால் கார் பிளேயர் கையை விரித்துவிடும், திட்டு உங்களுக்குத்தான்.