சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்தாருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு விஞ்ஞாபனம்

மகாராஜராஜஸ்ரீ சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்தாரவர்கள் சமூகத்துக்கு, ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதி ரசிகன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. உபயகுசலோபரி. இவ்விடம் அனைவரும் க்ஷேமம்; அவ்விடத்து க்ஷேமத்தை அவ்வப்போது புள்ளிப்பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்ளுகிறேன்.

பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா என்னும் விசாரம் தங்களை வருஷந்தோறும் வாட்டுவதை, பொன்மலை ரயில்வே மைதானத்தின் ஓரத்தில் நின்று கால்பந்தாட்டம் பார்த்தே வளர்ந்த அடியேன் அறிவேன். வைத்துக்கொண்டும் பார்த்தீர்கள். 2018 மார்ச்சில் பெங்களூருக்கே சென்று அவ்வூராரை 3-2 என்று வென்று கோப்பையைக் கொணர்ந்த ஜான் கிரிகரி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியும் ஒன்பதே புள்ளியுமாகக் கடைசி இடத்தில் போய் அமர்ந்தபோதும், அவரைக் கைவிடாமல் மறுபருவத்துக்கும் அழைத்துச் சென்ற தங்கள் தாட்சண்யம் சாமான்யமானதன்று. யுகயுகமாகப் படுத்தே இருக்கும் எங்கள் ரங்கநாதருக்கு எழுந்திருக்கவில்லை என்று யாரும் நோட்டீஸ் கொடுத்ததில்லை; அதற்கு அடுத்தபடியான பொறுமையை அந்த வருஷம் தங்களிடம் கண்டேன்.

பிறகு 2019 நவம்பரில் அவர் விலக, டிசம்பரில் வந்த ஓவன் காயில் அதே ஆட்களைக்கொண்டே அணியை இறுதியாட்டம்வரை இழுத்துச் சென்றார். ஆளை மாற்றினால் ஜாதகம் மாறும் என்னும் சித்தாந்தம் அன்றுதான் தங்கள் உள்ளத்தில் பிரதிஷ்டையாயிற்று என்பது என் அபிப்பிராயம். காயில் ஜம்ஷெட்பூருக்குப் போனார். அந்தப் பருவத்தில் தங்களுக்காக 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் கூடவே போனார். 2021-22இல் காயில் அவ்வூருக்கு லீக் ஷீல்டை வாங்கிக் கொடுத்தார். (அந்த ஷீல்டு சென்னைக்கு வந்திருக்கலாமே என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்.)

தாங்களோ ஹங்கேரியிலிருந்து சாபா லாஸ்லோவை வரவழைத்தீர்கள். எட்டாம் இடம் கிடைத்தது. மாண்டிநீக்ரோவின் பாண்டோவிச்சை வரவழைத்து, பருவம் முடியுமுன்பே அவரை அனுப்பிவிட்டு, மிச்ச ஆட்டங்களைச் சபீர் பாஷாவிடம் ஒப்படைத்தீர்கள். முடிவில் நின்றது எட்டு. ஜெர்மனியிலிருந்து பிர்தாரிச் வந்தார், மறுபடியும் எட்டு. மூன்று தேசத்துப் பண்டிதர்கள் தனித்தனியே கணக்கிட்டும் விடை மாறாத இந்த அதிசயத்துக்கு எங்கள் வீதி ஜோசியர் அஷ்டமத்துச் சனி என்று ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டார். 2023இல் காயிலையே திரும்ப அழைத்தீர்கள். சனி எட்டிலிருந்து நகர்ந்தது வாஸ்தவம்: முதலில் ஆறு, பிறகு 13 அணிகளில் பதினொன்று. 2025இல் அவரும் போய், கோவாவின் க்ளிஃபோர்ட் மிராண்டா வந்தார்.

கிரிகரி கோப்பை வென்ற அதே 2018இன் ஆகஸ்டில், எங்கள் முக்கொம்பில் 1836இல் கட்டிய கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அஸ்திவாரம் என்ன ஆயிற்று, அடியிலிருந்த மணல் எங்கே போயிற்று என்று டீக்கடையில்கூட விவாதம் நடந்ததே தவிர, ஷட்டர் தூக்குகிற லஸ்கரை மாற்றிவிட்டால் தண்ணீர் நின்றுவிடும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கால்பந்து ஞானம் கம்மி.

ஆகையால், மாற்றித்தான் தீரவேண்டும் என்று தாங்கள் சங்கற்பித்திருந்தால், அதைச் சாஸ்திரோக்தமாகவும் சிக்கனமாகவும் செய்ய ஒரு வழியைச் சமர்ப்பிக்கிறேன். காந்தி மார்க்கெட்டில் இன்று காலை, சாம்பல் பூத்த நல்ல கல்யாணப் பூசணி ஒன்று வாங்கினேன். உச்சியில் வட்டமாக மூடி வெட்டி, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு மூடியிருக்கிறேன். கற்பூரத்தைத் தனியே பொட்டலம் கட்டியிருக்கிறேன். இதற்குச் சம்பளமில்லை, விமான டிக்கெட் இல்லை, இடையில் நிறுத்தினால் நஷ்டஈடும் இல்லை. பருவம் முடிந்ததும் நேரு ஸ்டேடியத்து வாசலில் மூன்று சுற்றுச் சுற்றி உடைத்துவிட்டு, மிராண்டாவை அடுத்த வருஷமும் வேலைபார்க்க விடலாம்.

இன்றிரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். விடியற்காலை எழும்பூருக்கு ஆள் அனுப்பவும். உடைத்தபின் சக்கைகளை ஓரமாகத் தள்ளிவிடச் சொல்லுங்கள். சென்ற ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் தெருமுனையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், முந்தின நாள் அங்கே பூசணி உடைத்த வீட்டுக்காரரேதான்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
கீழச் சித்திரை வீதி ரசிகன்